மொழி மாறினால் அடையாளம் அழியுமா?
(மட்டக்களப்பு வாவிக்கரைச் சான்றுகளுடன்)



“மொழியும் பண்பாடும்”, “பிறமொழிக் கலப்பு” முதலிய தலைப்புகளில் கட்டுரை எழுதும்போது பலரும் ஒரே வசனத்தையே எழுதுகின்றனர்: “பிறமொழிச் சொற்கள் கலப்பதால் தமிழ் அழிந்து வருகின்றது.” அதற்குச் சான்று தருமாறு கேட்டால் பேனை நின்றுவிடுகின்றது. சொற்கள் கலப்பதால் ஒரு மொழி அழியுமா, அல்லது அது அழிவதற்கு வேறு காரணம் உண்டா என்பதே இப்பாடத்தின் வினா. விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது வாவிக்கரையிலேயே சான்றுகள் உள்ளன.

1. வந்த சொற்கள்

போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1796 அளவில் ஆங்கிலேயர் வந்தனர். மூவரும் தத்தம் சொற்களை விட்டுச் சென்றனர்.

போர்த்துக்கேயம்: கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண், வாங்கு.
ஒல்லாந்தம்: கந்தோர், கக்கூசு, போஞ்சி.
ஆங்கிலம்: பஸ், ரயில், போன் முதலியன.

இவற்றை ஊன்றிப் பார்த்தால் இரு உண்மைகள் புலப்படும்.

முதலாவது, பெரும்பாலும் புதிய பொருள் வந்தபோதே புதிய சொல்லும் வந்தது. பாண் வந்ததால் ‘பாண்’ வந்தது. சோறு முன்பே இருந்தது. அதன் பெயர் மாறவில்லை.

இரண்டாவது, வந்த சொற்கள் தமிழுக்குக் கட்டுப்பட்டன. ‘கதிரை’ போர்த்துக்கேயச் சொல்தான். ஆனால் நாம் ‘கதிரையை’, ‘கதிரையில்’, ‘கதிரைகள்’ என்கின்றோம். வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் தமிழுக்கே உரியவை. சொல் விருந்தாளியாக வந்தது. வீட்டு ஒழுங்கு மாறவில்லை. இத்தகைய வரவை நம் இலக்கண நூலார் முன்பே அறிந்திருந்தனர். இயற்சொல், திரிசொல் ஆகியவற்றுடன் திசைச்சொல், வடசொல் என்பவற்றையும் தொல்காப்பியம் சொல்வகையாக ஏற்றுக்கொண்டதை நினைவிற் கொள்க.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிங்கள மொழியிலும் மேசய, அல்மாரிய, சபத்துவ, பாண், கந்தோருவ என்றே வழங்குகின்றனர். ஒரே வரலாறு இரு மொழிகளிலும் ஒரே அடையாளத்தைப் பதித்துள்ளது. சிங்களம் தெரியாத ஒருவரும் கடையில் பாண் கேட்டு வாங்கிவிடலாம்.

2. ஒரே மொழி, பல அடையாளங்கள்

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் முஸ்லிம் மக்களின் வீட்டுமொழி தமிழ். ‘உம்மா’, ‘துஆ’, ‘நிக்காஹ்’ என்பன அரபு வழி வந்தவை. ஆனால் சமயக் கடமைகளைக் குறிக்கும் ‘தொழுகை’, ‘நோன்பு’ என்பனவும், விழாவைக் குறிக்கும் ‘பெருநாள்’ என்பதும் தூய தமிழ்ச் சொற்கள். தாய்வழியாகத் தொடரும் ‘குடி’ முறை இப்பிரதேசத் தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. அதற்கான சொல்லும் ஒன்றே.

வாகரைப் பகுதியில் வாழும் கரையோர வேடர் இன்று தமிழே பேசுகின்றனர். ஆயினும் தம்மை வேடர் என்றே கூறுகின்றனர். ஆகவே மொழி அடையாளத்தின் பெரும்பகுதி, முழுவதும் அன்று. மொழி மாறிய பின்னும் வழிபாட்டிலும் உறவுமுறையிலும் அடையாளம் தங்கி நிற்கக்கூடும்.

3. நமது பேச்சுத் தமிழ் தாழ்ந்ததா?

வெளியூரார் முன்னிலையில் ‘மறுகா’ என்று சொல்ல வெட்கப்படும் மாணவர் பலர் உள்ளனர். வெட்கப்படத் தேவையில்லை. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1960களில் இலங்கைத் தமிழை ஆராய்ந்து, பேச்சு வழக்குகளுள் இலக்கியத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்பு வழக்கே என்று குறிப்பிட்டார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வாவிக்குக் கிழக்கே உள்ள கடலோரப் பகுதி எழுவான்கரை. மேற்கே உள்ள வயல்சார்ந்த பகுதி படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்பது பொருள். ‘படுதல்’ என்பது இங்கே மறைதல். இலக்கியப் பாடத்தில் சிறுபொழுதுகளைப் படித்தபோது ‘எற்பாடு’ என்ற சொல்லைக் கண்டிருப்பீர்கள். எல் என்றால் சூரியன். அது படும் வேளை எற்பாடு. நூலில் அருஞ்சொல்லாக நாம் மனனஞ் செய்யும் பொருள், படுவான்கரை விவசாயியின் ஊர்ப்பெயரில் அன்றாடம் வழங்குகின்றது. திசையைச் சூரியனையும் வாவியையும் கொண்டு பிரித்துப் பார்க்கும் பார்வையையும் அச்சொற்களே நமக்குத் தந்துள்ளன. மொழி பண்பாட்டை உருவாக்குகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கவனிக்க: பேச்சு வழக்கு உயர்ந்ததாயினும் பரீட்சைக் கட்டுரைக்கு எழுத்து வழக்கே உரியது. “மறுகா வாறன்” என்பதை “பின்னர் வருகின்றேன்” என்று எழுதுக. பாத்திரம் பேசும் உரையாடலாயின் மேற்கோள் குறிக்குள் பேச்சு வழக்கை எழுதலாம். ‘கதிரை’, ‘யன்னல்’ போன்றவை இலங்கை எழுத்துத் தமிழில் நிலைபெற்றவை, தயங்காது எழுதுங்கள்.

4. ஒரு மொழி எப்போது அழிகின்றது?

இனி எதிர்ப்பக்கச் சான்று. நமது நகரில் வாழும் பறங்கியர் சமூகத்துக்கு ஒரு தாய்மொழி உண்டு. அது இலங்கைப் போர்த்துக்கேயக் கலப்புமொழி. ஒல்லாந்தர் ஆட்சியிலும் அது இலங்கையில் பரவலாகப் பேசப்பட்டது. பின்னர் ஆங்கிலம் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் சில குடும்பங்களிடமே அது எஞ்சியுள்ளது.

அம்மொழியின் அமைப்பு வியப்பானது. போர்த்துக்கல் நாட்டினர் ‘நான் தின்கிறேன் மீன்’ என்ற ஒழுங்கில் பேசுவர். நமது பறங்கியர் மொழியிலோ தமிழைப்போல வினைச்சொல் இறுதியில் வரும். தமிழில் ‘-க்கு’ பெயருக்குப் பின்னால் வருவதுபோல அங்கும் உருபு பின்னால் வரும். சொற்கள் போர்த்துக்கேயம், ஒழுங்கு தமிழ். நாம் அவர்களிடமிருந்து கதிரையை வாங்கினோம். அவர்கள் நம்மிடமிருந்து வசன அமைப்பை வாங்கினர்.

இவ்வளவு ஆழமாகக் கலந்தும் அம்மொழி பல தலைமுறைகள் வாழ்ந்தது. எனவே கலப்பு அதை நலிவுறச் செய்யவில்லை. பிள்ளைகள் தமிழிலோ ஆங்கிலத்திலோ கற்றனர். பல குடும்பங்கள் வெளிநாடு சென்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் இச்சமூகம் உயிர்களை இழந்தது. வீட்டில் பெற்றோர் பிள்ளைகளுடன் அம்மொழியில் பேசுவது குறைந்தபோதே அதற்கு ஆபத்து வந்தது. அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்மொழியின் பேச்சையும் பாடல்களையும் பதிவுசெய்துள்ளனர். பதிவு நல்ல பணியே. ஆனால் ஒலிநாடா ஒரு குழந்தைக்குப் பதில் சொல்லாது.

5. செய்யக்கூடியது என்ன?

1892 இல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் வழிகாட்டுகின்றார். விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்ற அவர், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்று உழைத்தார். அவர் பிறமொழியைக் கண்டு அஞ்சவில்லை. விஞ்ஞானத்தையும் தமிழிற் பேச வழிசெய்தார். ஒரு மொழியில் எவ்வளவு விடயங்களைப் பேச முடிகின்றதோ அவ்வளவுக்கு அதன் ஆயுள் நீளும்.

நினைவிற் கொள்க

• சொல் கலப்பு மொழியின் இயல்பு. இலக்கணம் அதைத் தன்வயப்படுத்தும்.
• மொழி பண்பாட்டுப் பார்வையைத் தருகின்றது (எழுவான்கரை, படுவான்கரை).
• மொழியும் அடையாளமும் நெருங்கியவை. ஆனால் ஒன்றல்ல (கரையோர வேடர்).
• அடுத்த தலைமுறை பேசாதுவிடின் மொழி அழியும் (பறங்கியர் மொழி).

பயிற்சி வினாக்கள்

1. பின்வரும் சொற்கள் எம்மொழியிலிருந்து வந்தவை எனக் குறிப்பிடுக: அலுமாரி, கந்தோர், போஞ்சி, சப்பாத்து, உம்மா.
2. “பிறமொழிக் கலப்பால் தமிழ் அழியும்.” இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ 200 சொற்களில் எழுதுக. (குறிப்பு: ஒவ்வொரு பந்தியிலும் ஒரு சான்றாவது இடம்பெற வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். புள்ளி கிடைப்பது சான்றுக்கே.)
3. உங்கள் பாட்டி அல்லது பாட்டனாரிடம் கேட்டு, நீங்கள் இப்போது பயன்படுத்தாத ஐந்து சொற்களைப் பொருளுடன் எழுதுக. எழுதிய பின் இந்த வாரம் வீட்டில் அவற்றைப் பேசியும் பாருங்கள். இதற்குப் புள்ளி இல்லை. ஆயினும் இப்பாடத்தின் மிக முக்கியமான வினா இதுவே.