இறக்கத்தில் பின்பிரேக் தளர்கிறது

கேள்வி: தோட்டப் பாதையில் நீண்ட இறக்கம் இறங்கும்போது என் ஸ்கூட்டியின் பின்பிரேக் பிடிக்காமல் போகிறது. பெற்றோல் மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கலாமா?
– வாசகி, பலாபத்வல

பதில்: அணைக்கவே வேண்டாம், சகோதரி. ஸ்கூட்டியின் கிளட்ச், சுழலும் வேகத்தில் விரிந்துதான் பிடிக்கும். எஞ்சின் அணைந்த நிலையில் வேகம் ஒருமுறை குறைந்து கிளட்ச் விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும். எஞ்சின் ஓடும்போது அப்படியல்ல. வண்டி தானாக உருள்வதாகத் தோன்றினால் அக்சிலரேட்டரை இலேசாகத் திருகி விடுங்கள். கிளட்ச் பிடித்து, எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும்.

பின்பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் ட்ரம் சூடேறி, ஷூவின் பிடிப்பு குறையும். உங்களுக்கு நடப்பது அதுவாகத்தான் இருக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். பிடி தளர்ந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பின்சக்கரத்தருகே பிரேக் கையில் சிறு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அது பக்கத்துக் குறியைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய ஸ்கூட்டிகளையே பலர் பல வருடம் ஓட்டினார்கள். உங்களுடையதும் அப்படியென்றால் இதை இன்றே பாருங்கள். புது ஸ்டிக்கர், சத்தமான சைலன்சர் எல்லாம் பிறகு. முதலில் ஷூவும் டயரும்.