கணிப்பொறி திகைத்து நிற்றலும் அதன் காரணம் நாடலும்

ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறி திடீரென அசைவற்று நிற்றலை இக்காலத்தில் அறியாதார் இலர். விசைப்பலகை பயன்படாது; திரையிலுள்ள அம்புக்குறி நகராது; உள்ளிருக்கும் தட்டு மட்டும் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். சிறிது பொழுதில் தானே தெளிவதும் உண்டு. தெளியாமையால் மின்சாரத்தை நிறுத்தி, அதுவரை செய்த வேலையை இழப்பதும் உண்டு. இதற்குக் காரணங்கள் பலவாயினும், நினைவக நெருக்கடி என்னும் ஒன்றனையும் அதனைக் கண்டறியும் முறையினையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கணிப்பொறி வேலைசெய்யும் இடம் நினைவகமாகும். அது விரைவு மிக்கது, ஆயின் அளவிற் சிறியது. தட்டோ அளவிற் பெரியது, ஆயின் மந்தமானது. மாணவன் ஒருவன் தன் மேசைமீது சில ஏடுகளையே பரப்ப இயலும். எஞ்சியவற்றைப் பேழையில் வைத்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததைத் திருப்பி வைப்பான். இங்ஙனமே இயங்குதளமும் நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுத்து, நெடுநேரம் தொடப்படாதவற்றைத் தட்டிற்கு அனுப்பி, மீண்டும் வேண்டும்போது கொணர்கின்றது. இதனை ஸ்வாப், அதாவது இடமாற்று, என்பர். 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டரில் தொடங்கிவைக்கப்பெற்ற அட்லஸ் என்னும் பொறி, சிறிய விரைவு நினைவகத்தையும் பெரிய சுழலுருளையையும் ஒரே நினைவகம்போலக் காட்டி, பக்கங்களைத் தானாகவே மாற்றிவந்தது. அதன் ஒவ்வொரு பக்கமும் 512 அலகுகள் கொண்டது. இன்று பல பொறிகளில் ஒரு பக்கம் 4,096 பைட்டுகளாகும்.

இத்துணைப் பயனுள்ள ஏற்பாடு கேடாவது எங்ஙனம் எனின், கூறுவாம். நினைவகத்தில் ஓர் எண்ணைத் தேடியெடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி செல்லும். சுழல்தட்டில் தேடியெடுக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி செல்லும். பின்னது முன்னதனினும் இலட்சம் மடங்கு. மேசையிலுள்ள ஏட்டை எடுக்க ஒரு விநாடியாயின், பேழையிலுள்ளதை எடுக்க ஒரு நாளுக்கு மேலாகும் என்க. எப்போதோ ஒருமுறை நிகழின் இத்தாமதம் தோன்றாது. ஆனால், அவ்வப்போது வேண்டிய பக்கங்களின் தொகை நினைவகத்தினும் பெரிதாகுமாயின், ஒரு பக்கத்தை வெளியேற்றிய மறுகணமே அதுவே வேண்டப்படும். அதற்கு இடஞ்செய்ய இன்னொன்று வெளியேறும். அதுவும் உடனே வேண்டப்படும். பொறி ஏற்றியிறக்குதலிலேயே தன் காலம் முழுவதையும் செலவிடும். இந்நிலையையும் அதன் காரணத்தையும் பீட்டர் டென்னிங் என்னும் அறிஞர் 1968-ஆம் ஆண்டில் தெளிவுற விளக்கினார்.

இனிக் கண்டறியும் முறை. எம் வகுப்பினர் சொல்லடைவு தொகுத்துவந்த கணிப்பொறி ஒன்று மாலைதோறும் இவ்வாறு நின்றது. அது 4 கிகாபைட் நினைவகமும் சுழல்தட்டும் லினக்ஸ் இயங்குதளமும் உடையது. இருமுறை எங்கள் பதிவுகள் அழிந்தன. வெளியிலிருந்து பென்டிரைவ் கொணரும் தோழர் ஒருவரே வைரஸைப் புகுத்தினார் எனப் பலரும் கூறினர், யாமும் கூறினோம். அவர் மனம் வருந்தி இப்பணிக்கு வருதலையே விட்டார். அதன்பின்னும் பொறி நின்றது. அப்போதுதான் பேசுவதை விடுத்து அளக்கத் தொடங்கினோம்.

பொறி நின்றபின் அளத்தல் இயலாது. அளக்குங் கருவியும் அதே நினைவகத்தில் வாழ்வதன்றோ? ஆகவே, வி.எம்.ஸ்டாட் என்னும் ஆணையை ஐந்து விநாடிக்கொருமுறை நேரக் குறிப்புடன் ஒரு கோப்பில் எழுதும்படி முன்னரே ஓடவிட்டோம். அது தரும் முதல் வரி பொறி தொடங்கியது முதலான சராசரியாதலின் அதனைத் தள்ளல் வேண்டும். பின்வரும் வரிகளில் எஸ்.ஐ. என்பது தட்டினின்று உள்வந்த அளவு, எஸ்.ஓ. என்பது வெளிச்சென்ற அளவு, டபிள்யூ.ஏ. என்பது செயலி தட்டிற்காகக் காத்திருந்த காலத்தின் விழுக்காடு.

ஈண்டுப் பலரும் மயங்கும் இடம் ஒன்றுண்டு. இடமாற்றுப் பகுதியில் ஏதேனும் இருப்பதே நோயென்பர். அஃதன்று. பயன்படாத பக்கங்கள் அங்கே உறங்குதல் நன்றே. இருப்பு நோயன்று, போக்குவரவே நோய். எஸ்.ஐ.யும் எஸ்.ஓ.வும் ஒருங்கே உயர்ந்து பல நிமிடம் நீடித்தால்தான் ஐயுறல் வேண்டும். மூன்று நாட் பதிவிலும், பொறி நின்ற வேளையில் இவ்விரண்டும் டபிள்யூ.ஏ.வும் ஒருங்கே உயர்ந்திருந்தன.

அடுத்து, உண்பவர் யார் எனத் தேடினோம். ஒவ்வொரு நிரலும் நினைவகத்தில் எவ்வளவு இடங்கொண்டுள்ளது, இடமாற்றில் எவ்வளவு கொண்டுள்ளது என்பவற்றை லினக்ஸ் தனித்தனியே காட்டும். அவற்றுள் முதலில் நின்றது, சொல்லடைவு முழுவதையும் ஒரே மூச்சில் நினைவகத்தில் ஏற்றி வரிசைப்படுத்தும் நிரல். அதனை எழுதியவரும் மாலைதோறும் இயக்கியவரும் யாமே.

இடமாற்றை நிறுத்திவிட்டால் தீராதோ எனின், தீராது. அப்போது இயங்குதளம் கோப்பினின்று மீண்டும் படிக்கக்கூடிய நிரற்பக்கங்களை வீசியெறிந்து திரும்பத் திரும்பப் படிக்கும், நிற்றல் மாறாது. முற்றும் இடமற்றபோது ஏதேனும் ஒரு நிரலைக் கொன்றுவிடுதலும் உண்டு. ஸ்வாப்பினஸ் என்னும் அளவை வழக்கமான 60-லிருந்து குறைப்பது எதை முதலில் வெளியேற்றுவது என்பதை மாற்றுமேயன்றி இடத்தைப் பெருக்காது. தேவையைக் குறைத்தல், அன்றி நினைவகத்தைக் கூட்டுதல், இவ்விரண்டே உண்மை மருந்து. யாம் சொல்லடைவைப் பகுதி பகுதியாகப் படித்து வரிசைப்படுத்துமாறு நிரலைத் திருத்தினோம். அன்றுமுதல் பொறி நின்றதில்லை. 2018-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 4.20 முதலாக, நினைவகத்திற்காக வேலைகள் தடைப்பட்ட கால விழுக்காட்டை, கடந்த 10, 60, 300 விநாடிகளுக்கு நேராகவே காட்டும் வசதியும் உண்டு. அதனை நோக்குவார் நோயை முன்னரே உணரலாம்.

கோபுரங் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென நம் ஆண்டவர் உவமையால் உணர்த்தினார். யாம் கணக்கிடாது கட்டினோம். இடிந்தபோது பிறர்மேற் பழி சுமத்தினோம். பதிவுத்தாளுடன் அத்தோழரிடஞ் சென்று எம் பிழையை ஒப்புக்கொண்டோம். அவர் தாளை வாங்கி நெடுநேரம் நோக்கினார். பின்னர், முதல் வரியைத் தள்ளினீர்களா என்று கேட்டார். மறுநாள் மாலை பணிக்கு வந்தார்.