வண்டியின் ஒலியும் அதன் பிறப்பிடமும்

எழுத்தொலிகள் எவ்வெவ்விடத்துப் பிறக்கின்றன என்பதனை ஆராய்தற்கென்றே தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றோர் இயல் வகுத்தார். மிடறு, நா, இதழ் முதலிய உறுப்புக்களின் தொழிலை அறிந்தார்க்கு, ஓர் ஒலியைக் கேட்ட அளவிலே அது தோன்றிய இடம் புலப்படும். இம்முறை மக்கள் வாய்மொழிக்கு மட்டுமன்றி இயந்திரத்திற்கும் பொருந்துவதாகும். கையால் கியர் மாற்றி ஓட்டும் மோட்டார் வண்டியில் வழக்கத்திற்கு மாறான ஓசை எழுமாயின், அஃது எங்கே பிறந்தது என்பதனை வண்டியைப் பிரிக்காமலே பெரும்பாலும் துணிதல் கூடும். அவ்வழியினைச் சுருங்க விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இஃது இளைஞர்க்குரிய வேடிக்கை ஆராய்ச்சி அன்று. தரமணியினூடே செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில் வாடகை வண்டி ஓட்டுவோருள், கடன் பெற்று வண்டி வாங்கியவர் பலர் உளர். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போயிற்று, தவணையோ நிற்பதில்லை. "கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்" என்னும் ஒரு சொல் அத்தகையார்க்கு எத்துணை இடராகும் என்பதை நினைந்து பார்மின்! இறக்க வேண்டுவதனை இறக்காது விடுதலும் தீது; இறக்க வேண்டாததனை இறக்குதலும் தீது. இவ்விரண்டினையும் பிரித்தறிய உதவுவது செவியே.

முதலில் உறுப்புக்களின் தொழிலை அறிவோம். எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் கிளட்ச் வழியாகக் கியர் பாக்ஸினுள் புகுகின்றது. கிளட்ச் மிதியினின்று காலை எடுத்திருக்குங்கால், எஞ்சினோடு கியர் பாக்ஸின் முன் தண்டும் சேர்ந்து சுழலும். மிதியை முற்றும் அமிழ்த்தினால் இரண்டும் பிரிந்துவிடும். கியர் நியூட்ரலில் இருப்பின், முன் தண்டு சுழலினும் சக்கரங்கட்கு ஆற்றல் செல்வதில்லை. இம்மூன்று நிலைகளையும் மனத்திற் கொண்டார்க்குப் பின்வரும் சோதனைகள் எளிதில் விளங்கும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் எஞ்சினை ஓட விடுக. மிதியினின்று கால் எடுத்திருக்கும்போது உறுமல் கேட்டு, மிதியை அமிழ்த்தியவுடன் அஃது அடங்குமாயின், குற்றம் முன் தண்டின் பேரிங்கிலோ, அதனோடு சுழலும் துணைத் தண்டின் பேரிங்கிலோ இருத்தல் வேண்டும். மிதியை அமிழ்த்தியபோது நின்றுவிடுவன அவையே ஆதலின். இதற்கு மாறாக, காலால் மிதியைச் சிறிதே தொட்டு அழுத்திய அளவில் கீச்சொலி தோன்றுமாயின், அது ரிலீஸ் பேரிங்கின் குரலாகும். மிதியின் பாரத்தைத் தாங்குவது அதுவே. முதற் கியரில் இட்டு மிதியை முற்றும் அமிழ்த்திய பின்னரே ஒலி எழுமாயின், பைலட் பேரிங் உள்ள வண்டிகளில் அதனை ஐயுறலாம். எஞ்சின் சுழல, முன் தண்டு நிற்க, அவ்விரண்டிற்கும் இடைநின்று உழைப்பது அதுவாம்.

இனி, வண்டி ஓடுங்காலத்து எழும் ஒலியை நோக்குவோம். ஒரு கியரில் மட்டும் ஒலித்து ஏனையவற்றில் அடங்குமாயின், அந்தக் கியரின் பற்களோ அதன் பேரிங்கோ தேய்ந்தன எனக் கொள்க. அம்பாசடர் போன்ற பின்சக்கர வண்டிகளில் நான்காம் கியர் நேரிணைப்பாகும். ஆற்றல் துணைத் தண்டின் வழிச் செல்லாது நேரே பின் செல்லும். ஆகவே, முதல் மூன்று கியர்களில் உறுமி நான்காவதில் ஓசை தணியுமாயின், துணைத் தண்டே குற்றவாளி என்று துணியலாம். ரிவர்ஸ் கியரில் எழும் நீண்ட இரைச்சலோ, பல வண்டிகளில் நோயன்று, இயல்பு. ஏனைக் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ரிவர்ஸ் கியரின் பற்கள் பெரும்பாலும் நேராக வெட்டப்பட்டவை. நேரான பற்கள் முழு அகலத்தும் ஒருங்கே மோதுதலின் இரைச்சல் மிகும்.

கியர் மாற்றுங்கால் எழும் கரகரப்பு வேறு வகையினது. வேகம் ஒவ்வாத இரு சக்கரங்களை மோதாமல் சேர்க்கும் சிங்க்ரோ அமைப்பினைக் கடிலாக் வண்டிகள் 1928-ஆம் ஆண்டிற் புகுத்தின. அதற்கு முன்னர், ஓட்டுவோர் கிளட்சை இருமுறை மிதித்துத் தாமே வேகத்தை ஒப்பச் செய்யவேண்டியிருந்தது. ஒரே ஒரு கியர் மட்டும் கரகரப்பின், அதற்குரிய சிங்க்ரோ வளையம் தேய்ந்ததென்க. எல்லாக் கியர்களும் கரகரப்பின், கியர் பாக்ஸின்மேல் பழி சுமத்துதற்கு முன் கிளட்சை ஆராய்க. கேபிள் தளர்ந்தோ, ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்தோ கிளட்ச் முற்றும் பிரியாதிருத்தல் கூடும். சிறு செலவில் முடிவதனைப் பெருஞ்செலவாக்குதல் பெரும்பாலும் இவ்விடத்தேதான் நிகழ்கின்றது.

கியர் பாக்ஸில் பிறவாத ஒலிகளும் உண்டு. வேகத்தோடு வளரும் ரீங்காரம், எக்கியரில் இருப்பினும் மாறாது, வண்டி ஒரு பக்கம் வளையுங்கால் மிகுந்தோ குறைந்தோ கேட்குமாயின், சக்கர பேரிங்கைப் பார்க்க. முன்சக்கர இயக்கமுடைய வண்டியில் ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி மெல்லச் செல்லுங்கால் 'டக்டக்' என்னும் ஒலி எழுமாயின், சக்கரத்தை அடுத்த சி.வி. ஜாயின்ட்டே காரணமாகும்.

எல்லாவற்றினும் முன்னே பார்க்கத்தக்கது கியர் ஆயில். அது குறைந்தாலே பல ஒலிகள் தோன்றும். இது நம் பகுதியார்க்குச் சிறப்பாக உரியது. 2015 டிசம்பர் மாத வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மாத மிக்ஜாம் புயலிலும், தரமணியை அடுத்த வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் வண்டிகள் நீரில் மூழ்கின. கியர் பாக்ஸின் மேலுள்ள காற்றுத் துளை வழியே நீர் உட்புகுமாயின், ஆயில் பால்போல் வெளுக்கும், பேரிங்குகள் துருப்பிடிக்கும். எஞ்சின் ஓடிவிட்டது என்று மகிழ்ந்திருப்பார்க்குச் சில திங்கள் கழித்தே உறுமல் கேட்கும். நீரில் நின்ற வண்டிக்கு உடனே ஆயில் மாற்றுதல் வரும் துன்பத்தைத் தடுக்கும். வடித்த ஆயிலில் பித்தளைப் பொடி சிறிது காணின் அஞ்சற்க. சிங்க்ரோ வளையங்களின் இயல்பான தேய்வு அது. எஃகுத் துண்டு காணின் வண்டியை ஓட்டற்க. பேரிங் உடைந்து தண்டு இறுகின், ஓடும் வண்டியின் சக்கரம் திடீரென நின்று உயிர்க்கே கேடாகும்.

ஆதலின் அன்பர்களே! ஒலி எழுந்தவுடன் மூன்று வினாக்களைக் கேட்டுக் குறித்துக் கொள்மின்: வண்டி நிற்கும்போதா, ஓடும்போதா? கிளட்ச் மிதியால் மாறுகின்றதா? எல்லாக் கியரிலுமா, ஒன்றிலா? இவற்றின் விடையோடு செல்வார்க்கு நல்ல மெக்கானிக் பாதி வேலையைக் கேட்டமாத்திரத்திலே முடித்துவிடுவார். "ஏதோ சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்வார், அவருடைய உழைப்பையும் தம் பொருளையும் ஒருங்கே வீணாக்குவார். ரிலீஸ் பேரிங்கை மாற்றுதற்கும் பெரும்பாலும் கியர் பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும் ஆதலின், இறக்கியவிடத்துக் கிளட்ச் தட்டு, பைலட் பேரிங் ஆகியவற்றையும் ஒருங்கே பார்க்குமாறு வேண்டுதல் நன்று. செம்மையாகக் கேட்டலும், கேட்டதனைத் தெளிவாகச் சொல்லுதலும் மொழி பயில்வார்க்கு மட்டும் உரிய கலைகள் அல்ல. வண்டியை நம்பி வாழ்வார்க்கும் அவை சோறளிக்கும் கலைகளாம்.