படையினின்று வீட்டுக்கு வந்த லாரி

யுத்தத்திற்கென்று செய்யப்பட்ட பொருள்கள் அவற்றின் படைப்பணி முடிந்தபின் என்னவாகின்றன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பீரங்கி காட்சிசாலையைச் சேரும், வெடிகுண்டு அழிக்கப்படும். சுமை தாங்கும் லாரிக்கோ மறுபிறப்பு உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் படையினர் கழித்த லாரிகளைக் குடிமக்கள் விலைக்கு வாங்கி, தம் வீட்டு முற்றத்திலேயே பழுது பார்த்து, தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்துக் கொள்ளுதல் நெடுநாளைய வழக்கம். இஃது ஒரு பொழுதுபோக்கு என்றே தோன்றக்கூடும். எனினும், பிறர் ஆய்ந்து அமைத்த ஒன்றை நாம் எப்பொழுது மாற்றலாம், எப்பொழுது மாற்றலாகாது என்னும் பாடம் இதனுள் அடங்கியிருக்கிறது. அதனை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

லாரியின் வரலாறு

இரண்டாம் உலக யுத்தத்தின்பொழுது, ஆறு சக்கரங்களும் எஞ்சினால் இயங்கும் இரண்டரை டன் லாரிகளை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ஐந்து லட்சத்திற்கு மேல் செய்தளித்தனர். யுத்தம் முடியுமுன்னரே, எஞ்சும் பொருள்களை விற்பதற்கான சட்டம் 1944-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. 1946-இல் இவ்விற்பனைக்கெனத் தனி அரசாங்க நிலையம் ஏற்பட்டது. ஜீப்புகளும் லாரிகளும் பண்ணைகளையும் மரம் அறுக்கும் காடுகளையும் சென்றடைந்தன.

அவ்வகை லாரியின் வழித்தோன்றலே எம் 35 என்பது. 1950-ஆம் ஆண்டையொட்டி ரியோ கம்பெனியார் இதனை உருவாக்கினர். ரான்ஸம் ஈலை ஓல்ட்ஸ் என்பாருடைய பெயரின் முதலெழுத்துக்களே ரியோ என்னும் பெயராயின. கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன்னும், நல்ல சாலையில் ஐந்து டன்னும் சுமப்பது இவ்வண்டி. பல பத்தாண்டுகள் படையில் உழைத்தபின், 1990-களின் நடுப்பகுதி முதல் புதுவகை லாரிகள் வந்து சேரவே, பழையவை பெருந்தொகையாய் ஏலத்திற்கு வந்தன. வாங்கியவருக்கு அரசாங்கம் அளிக்கும் 97-ஆம் எண் படிவமே, அவ்வண்டியைத் தம் பெயரில் பதிவு செய்துகொள்வதற்கு ஆதாரமாகும்.

மூவர் வேலை ஒருவர் கையில்

படையில் ஒரு லாரியை ஒருவரே பேணுவதில்லை. எண்ணெய், காற்று, நீர் முதலியவற்றை நாள்தோறும் பார்ப்பது ஓட்டுநரின் கடமை. பிரேக், கிளச்சு முதலியவற்றைச் சரிசெய்வது படைப்பிரிவின் மெக்கானிக்கின் வேலை. எஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரித்துச் சேர்ப்பது பெரிய பட்டறையின் பொறுப்பு. இம்மூவகையினருக்கும் தனித்தனியே கைந்நூல்கள் எழுதப்பட்டுள்ளன. இன்ன நட்டை இவ்வளவு விசையோடு முறுக்குக, இன்ன இடத்தில் இத்தனை மைலுக்கு ஒருமுறை மசகிடுக என்று அவை தெளிவாய்க் கூறுகின்றன. படிப்பில் ஆர்வமில்லாத சிப்பாயும் விரும்பிப் படிக்கவேண்டுமென்று, 1951 முதல் சித்திரக் கதைகளோடு கூடிய ஒரு மாதப் பத்திரிகையையும் அமெரிக்கத் தரைப்படையினர் வெளியிட்டனர். புகழ்பெற்ற சித்திரக்காரர் வில் ஐஸ்னர் இருபதாண்டுக்காலம் அதற்குச் சித்திரம் வரைந்தார்.

வீட்டில் வாங்கி நிறுத்தியவரோ ஓட்டுநரும் தாமே, மெக்கானிக்கும் தாமே, பட்டறையும் தாமே. ஆதலின் மூவர் கைந்நூலையும் அவர் ஒருவரே கற்றாக வேண்டும். கல்லாது கைவைப்பவருக்கு வரும் இடர்களுக்கு இரண்டு உதாரணம் காட்டுவோம்.

இவ்வண்டியின் இடப்பக்கத்துச் சக்கரங்களின் நட்டுக்கள் இடப்புரிகொண்டவை. சக்கரத்தின் சுழற்சியால் நட்டுத் தானே கழன்றுவிடாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. இதனை அறியாதவர் வழக்கம்போல் முறுக்கி, கழற்றுவதாய் எண்ணி மேலும் இறுக்கி, இறுதியில் போல்ட்டையே முறித்துவிடுவர். இதில் நஷ்டம் சொற்பப் பணமே.

மற்றொன்று உயிரையே வாங்குவது. இந்த லாரியின் கைப் பிரேக் சக்கரங்களில் இல்லை. எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டு புறப்படும் இடத்தில் உள்ளது. பழுது பார்ப்பதற்காக அத்தண்டைக் கழற்றிவிட்டால், கைப் பிரேக்குக்கும் பின்சக்கரங்களுக்கும் தொடர்பு அற்றுப் போகின்றது. கைப் பிரேக் இழுத்தே இருக்கின்றதென்று நம்பி அடியிற் படுத்திருப்பவன்மீது, சரிவான முற்றத்தில் நின்ற ஆறு டன் இரும்பு உருளத் தொடங்கும். சக்கரத்திற்கு முட்டுக்கட்டை கொடுக்கும் ஒரு நிமிஷ வேலை அவனைக் காத்திருக்கும்.

மாற்றம் மூவகை

இனி, மாற்றியமைத்தலைப் பற்றிப் பார்ப்போம். லாரியின் ஒவ்வோர் உறுப்பும் ஏதோவொரு காரணம் பற்றியே வைக்கப்பட்டது. அக்காரணம் இன்று இல்லாதொழிந்திருக்கலாம், இன்றும் நிலைத்திருக்கலாம், அல்லது அமைப்பு தன் காலத்திற்குப் போதியதாயிருந்து, நம் காலத்திற்குப் போதாததாயிருக்கலாம். இம்மூன்றில் எது என்று காண்பதே அறிவு.

முதலாவது, காரணம் ஒழிந்தது. எம் 35-இன் பிற்கால வண்டிகளில் கான்டினென்டல் கம்பெனியார் செய்த பல்லெரிபொருள் எஞ்சின் பொருத்தப்பட்டது. போர்க்களத்தில் எந்த எண்ணெய் கிடைக்குமென்று முன்னரே கூறவியலாது. ஆகவே டீஸல், மண்ணெண்ணெய், விமான எண்ணெய், அவசரத்தில் பெட்ரோல் ஆகிய எதனையும் எரிக்குமாறு அதனை அமைத்தனர். பிஸ்டனின் தலையிலுள்ள குழிவின் சுவரில் எண்ணெய் பீச்சப்பட்டு, ஆவியாகி, ஒழுங்காய் எரிகின்றது. மெல்லிய எண்ணெயை ஊற்றினால் ஆற்றல் குறையுமாதலால், எண்ணெயின் அடர்த்தியை உணர்ந்து அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கருவியும் எரிபொருள் பம்போடு இணைக்கப்பட்டது. டீஸலை மட்டுமே ஊற்றும் வீட்டுக்காரருக்கு அக்கருவியால் பயனில்லை. பழையதானபின் எண்ணெய் கசிவதும் உண்டு. எனவே பலர் எண்ணெய் அதன் வழியே செல்லாதவாறு செய்துவிடுகின்றனர். காரணம் அறிந்து நீக்கியதால் இதனைக் குறைகூற இடமில்லை. ஆனால் அதே எஞ்சினில், கழிவு எண்ணெயைச் சரிவர வடிகட்டாமல், 'எதையும் எரிக்குமாமே' என்று ஊற்றுபவர் பிழைசெய்கின்றார். எரிபொருள் பம்பின் உறுப்புக்கள் மயிரிழை இடைவெளியில் இயங்குபவை. நீரும் தூசும் அவற்றைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, காரணம் நிலைத்திருப்பது. இவ்வண்டியின் மின்சாரம் 24 வோல்ட்டு; 12 வோல்ட்டு பாட்டரிகள் இரண்டைத் தொடராய் இணைத்துப் பெறுவது. வானொலிப் பெட்டி வைக்க விரும்புவோர் இரண்டில் ஒரு பாட்டரியினின்று மட்டும் கம்பி இழுத்துக்கொள்வதுண்டு. அப்பாட்டரி மிகுதியாய்ச் செலவழிந்து குறைவாய் நிரம்பும். மற்றதோ அளவுக்குமேல் நிரம்பும். சில நாளில் இரண்டும் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கருவியொன்றை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையில்லை.

சக்கரமும் அத்தகையதே. அச்சிலுள்ள பற்சக்கரங்களின் விகிதம் 6.72-க்கு 1. இது சேற்றில் இழுக்க ஏற்றது. ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 56 மைல் அளவில் வேகம் நின்றுவிடும். வேகம் வேண்டுவோர் பெரிய டயர்களை மாட்டுகின்றனர். பத்தில் ஒரு பங்குக்குமேல் வேகம் கூடும் என்பது மெய்யே. ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் ஸ்டியரிங் முன்னினும் கனக்கும். பெரிய சக்கரத்தை நிறுத்தப் பழைய பிரேக் திணறும். வேகமானி உண்மையிற் குறைத்தே காட்டும். ஆகவே ஒன்றை மாற்றினால் அதனோடு தொடர்ந்த மூன்றையும் மாற்ற வேண்டியதாகின்றது.

சுமையின் அளவும் மறக்கத்தகாதது. கிராமத் தொண்டர் தீயணைப்புப் படைகள் பல, கழிந்த படை லாரிகளைப் பெற்றுத் தண்ணீர்த் தொட்டி ஏற்றிக்கொண்டன. அமெரிக்கக் காலன் ஒன்றின் நீர் 8.3 பவுண்டு எடையுள்ளது. ஆயிரங்காலன் தொட்டியின் நீர் மட்டுமே 8,300 பவுண்டு. கரடான நிலத்தில் இவ்வண்டிக்கு விதித்த சுமையோ 5,000 பவுண்டு. தீ எரியும் காட்டுச் சரிவை நோக்கி அதனை விரைந்தோட்டுபவன் இக்கணக்கை முன்னரே போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, காலத்திற்குப் போதாதது. இதுவே தலையாயது. எம் 35-இன் பிரேக், காற்றின் துணையோடு எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. ஆனால் ஆறு சக்கரங்களுக்கும் எண்ணெய் செல்வது ஒரே பாதை. ஏதேனும் ஒரு சக்கரத்தின் ரப்பர்க் குழாய் வெடித்தால், எண்ணெய் முழுதும் வெளியேறி ஆறு சக்கரங்களும் ஒருங்கே பிரேக் இழக்கும். 1968 முதல் அமெரிக்காவின் புதிய பயணிகள் மோட்டார்களுக்கு இரட்டைப் பாதை கட்டாயமாயிற்று. இந்த லாரியோ அதற்கு முன்னையது. ஆதலின் கருத்துடைய வீட்டுக்காரர், இரண்டு அறைகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி, முன்சக்கரங்களுக்கு ஒன்றும் பின்சக்கரங்களுக்கு ஒன்றுமாகப் பாதையைப் பிரிக்கின்றனர். ஒன்று தவறினும் மற்றொன்று நிறுத்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரட்டைப் பாதை வைத்துவிட்டோமென்று பழைய குழாய்களை அப்படியே விடுவது பேதைமை. படையினர் 1980-களில் ஈரத்தை உறிஞ்சாத ஸிலிகோன் பிரேக் எண்ணெய்க்கு மாறினர். நெடுநாள் நிற்கும் வண்டியின் உட்புறம் துருவேறாதிருக்க அது நல்லது. அதனோடு கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பிரேக் எண்ணெயைச் சேர்த்தால் இரண்டும் கலவா. உள்ளே இருப்பது எதுவென்று அறியாமல் ஒரு சொட்டும் ஊற்றலாகாது.

முடிவுரை

மாணவ நண்பர்களே, இந்த லாரியை நம்மிற் பெரும்பாலோர் கண்டிரார், ஓட்டப்போவதும் இல்லை. ஆயினும் முன்னோர் அமைத்துவைத்த பலவும் நம் கைக்கு வருகின்றன. அவற்றை அப்படியே பூசிப்பவர் ஒருசாரார்; காரணம் கேளாது கழற்றி எறிபவர் மற்றொருசாரார். முற்றத்தில் லாரியின் அடியிற் படுத்திருப்பவனுக்கு இவ்விரண்டும் உதவுவதில்லை. பழைய ஒற்றைப் பாதைப் பிரேக்கை அப்படியே நம்பினால் ஒருநாள் மலைச்சரிவில் நிறுத்தவியலாது. கைப் பிரேக் எங்குள்ளதென்று அறியாது தண்டைக் கழற்றினால் அன்றே ஆபத்து. கையில் ஸ்பானரை எடுக்குமுன், 'இஃது ஏன் இங்கே வைக்கப்பட்டது?' என்று கேட்பவனே, வைத்திருக்கவும் மாற்றவும் உரிமை பெறுகின்றான். அக்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை சக்கரத்திற்கு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டுக் கைந்நூலைப் புரட்டுவதே தக்கது.