பரம்பரைப் பக்கவாதம்: அடைப்புக்கு முன்பே தொடங்கும் கோளாறு

பக்கவாதம் என்றதும் ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொண்டது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். கழுத்திலும் மூளையிலும் உள்ள பெரிய தமனிகளைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. ‘கடாசில்’ என்ற பரம்பரை நோய்க்கு அது பொருந்தாது. கொலஸ்டிரால் அளவாக இருந்து, கழுத்துத் தமனி ஸ்கேனில் குறையேதும் தெரியாதவர்களுக்கும் இந்நோயால் நாற்பது, ஐம்பது வயதுகளில் பக்கவாதம் வருகிறது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒற்றைத் தலைவலி வருவதும் உண்டு. இதற்குக் காரணமான ‘நாட்ச்-3’ மரபணுவை, 19-ஆம் குரோமோசோமில், 1996-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நுண்தமனிச் சுவரின் மென்தசைச் செல்களும், தந்துகிகளைச் சுற்றியுள்ள பெரிசைட் செல்களும்தான் இந்த மரபணு முக்கியமாக வேலை செய்யும் இடங்கள். ஆகவே பழுது தொடங்குவது குழாயின் சுவரில்.

சுவர் கெட்டால் என்ன ஆகும்? உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதைச் சேமித்து வைப்பதில்லை. அதனால் ரத்த அழுத்தம் ஏறும்போது சுருங்கியும், இறங்கும்போது விரிந்தும் நுண்தமனிகள் ஓட்டத்தைச் சீராக வைக்கின்றன. மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்படைந்தால் அங்கே கூடுதல் ரத்தத்தை அனுப்புகின்றன. மனிதரின் நாட்ச்-3 பிறழ்வைப் புகுத்திய எலிகளில், 2010-இல் வெளியான ஆய்வு இந்த இரண்டு திறன்களும் மங்கியிருப்பதைக் காட்டியது. மூளைத் திசுவில் சேதம் தெரிவதற்கு முன்பே அவை மங்கிவிட்டன என்பதுதான் இதில் முக்கியமானது. தசைச் செல்களின் சவ்வில் ஒருவகைப் பொட்டாசியம் வாயில்கள் மிகுந்துவிடுவதால், அழுத்தம் ஏறும்போது அத்தசை உரிய இறுக்கத்தைப் பிடிக்க முடியாமல் போகிறது என்று பின்னர் தெரியவந்தது.

எலியில் கண்டதை மனிதருக்குப் பொருத்தலாமா என்று கேட்பது சரியான கேள்வி. குழாயை விரிக்கும் அசெட்டசோலமைடு மருந்தைக் கொடுத்து நோயாளிகளைச் சோதித்தபோதும், மூளையின் வெண்பொருள் சேதமான இடங்களில் ரத்த ஓட்டம் எதிர்பார்த்த அளவு கூடவில்லை. சேதமான திசு குறைவாக ரத்தம் கேட்கும், ஆகவே இது விளைவாகவும் இருக்கலாம் என்று ஒருவர் மறுக்கலாம். நோயாளிகளை மட்டும் வைத்து அந்த மறுப்பைத் தள்ள முடியாது. எது முந்தியது என்பதற்கு எலி ஆய்வுதான் வலுவான சாட்சி. நோய் முற்றும்போது சுவர் தடித்து, குழாய் குறுகுவதும் நடக்கிறது. அடைப்புக்கு இதில் பங்கே இல்லை என்று சொன்னால் அதுவும் தவறாகிவிடும்.

ஒழுங்குபடுத்தும் திறன் குறைந்தால், ரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தியே வைத்துக்கொள்வது நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. இது ஆபத்தான முடிவு. இப்பிறழ்வு உள்ளவர்களில் உயர் ரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் சேரும்போது பக்கவாத அபாயம் கூடுகிறது. அதேசமயம் அழுத்தத்தைத் திடீரென வெகுவாகக் குறைப்பதும் தீங்கு. சரிவை ஈடுகட்டும் குழாய்களே பழுதானவை என்பதால், அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் நோயைச் சொல்லியே ஆக வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரையும் முழுத் தீர்வல்ல. ஆஸ்பிரின் போன்றவை வழக்கமாகத் தரப்பட்டாலும் சுவரின் பழுதை அவை சரிசெய்வதில்லை. பலரின் மூளையில் நுண்கசிவுகளும் இருப்பதால் வலுவான மருந்துகளை மருத்துவர் எடைபோட்டே தருவார்.

பெற்றோரில் ஒருவருக்கு இப்பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. இது மரபின் கணக்கு. அதையே விதியாகக் கொள்வது கடைசிப் பிழை. மக்கள்தொகை மரபணுத் தரவுகளில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவரிடம் இவ்வகை மாற்றம் காணப்படுகிறது. நோயாளிகளாக அறியப்பட்டவர்கள் அதைவிட மிகக் குறைவு. மாற்றம் புரதத்தின் எந்த இடத்தில் அமைகிறது என்பதைப் பொறுத்து தீவிரமும் வேறுபடுகிறது. மூல நோயை மாற்றும் மருந்து இன்னும் இல்லை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் புகையை விடுவதும் இன்றே செய்யக்கூடியவை. அறிகுறி இல்லாத பிள்ளைகள் மரபணுச் சோதனை செய்துகொள்வதா என்பதை, ஆலோசனை பெற்றபின், வயதுவந்த அவர்களே முடிவு செய்ய வேண்டும்.