இரண்டு ஸ்கூப் பவுடரும் கடமுடா வயிறும்

கேள்வி: எனக்கு 54 வயது. ஆறு மாதமாக மலச்சிக்கல். முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை. கடையில் கேட்டதற்கு, சிக்கரி வேரிலிருந்து எடுத்த ‘ப்ரீபயாட்டிக்’ பவுடர் கொடுத்தார்கள். குடலில் நல்ல பாக்டீரியா பெருகுமாம். காலையில் ஒரு ஸ்கூப், இரவில் ஒரு ஸ்கூப் எடுக்கிறேன். ஒரு ஸ்கூப் 8 கிராம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. இரண்டு நாளிலேயே வயிறு உப்பிக்கொண்டு ஒரே காற்று. வியாழக்கிழமை குழந்தை இயேசு கோவில் நவநாள் கூட்டத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. “இதுக்கெல்லாம் எதுக்குக் காசு? பழைய சோறு சாப்பிடு” என்கிறார் மாமியார். “நாம குடிக்கிற காபியிலேயே சிக்கரி இருக்கே” என்கிறார் கணவர். பவுடர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா டாக்டர்? இன்னொன்று: மகளுக்குக் குழந்தை பிறந்து 2 மாதம் ஆகிறது. தாய்ப்பால்தான் கொடுக்கிறாள். ப்ரீபயாட்டிக் சேர்த்த பால் பவுடரும் கொடுக்கலாமா?

– வாசகி, விவேக் நகர், பெங்களூரு

பதில்: பவுடர் அதன் வேலையைத்தான் செய்கிறது அம்மா. அளவு கூடிப்போய்விட்டது. நார்ச்சத்துக்குப் பழகாத வயிற்றில் முதல் நாளே 16 கிராம் இறக்கினால் யாருக்கும் கடமுடாதான்.

சிக்கரி வேரிலிருந்து எடுப்பது இன்யூலின். ஃப்ரக்டோஸ் சர்க்கரையை வரிசையாகக் கோத்த சங்கிலி. அதை வெட்டும் என்சைம் மனிதக் குடலில் கிடையாது. அதனால் சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்கு வந்துவிடுகிறது. அங்கே பந்திக்கு ஆள் தயாராக இருக்கிறது. முதல் வரிசையில் பிஃபிடோபாக்டீரியா. அது சங்கிலியை உடைத்துச் சாப்பிட்டுவிட்டு, அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் வெளியே விடும். அவற்றை அடுத்த வரிசையில் இருக்கும் ஃபீகலிபாக்டீரியம் போன்றவை எடுத்து பியூட்டிரிக் அமிலமாக்கும். பெருங்குடல் உட்சுவரின் செல்கள் பிழைப்பது பெரும்பாலும் இந்த பியூட்டிரிக் அமிலத்தை எரித்துத்தான். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் வளர்க்க நினைக்கும் பிஃபிடோபாக்டீரியா ஹைட்ரஜன் வாயு விடுவதே இல்லை. அழையாமல் வந்து உட்காரும் மற்ற பாக்டீரியாக்கள் விடும் காற்றுதான் நவநாளில் உங்களைப் படுத்தியது.

மூன்று நாள் பவுடரை நிறுத்துங்கள். வயிறு அடங்கியதும் அரை டீஸ்பூன், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும். வாரத்துக்கு அரை டீஸ்பூனாகக் கூட்டலாம். நாளைக்கு 5 கிராம் அளவிலேயே பிஃபிடோபாக்டீரியா பெருகுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலம் ஒழுங்காகப் போவதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஒப்புக்கொண்ட அளவு 12 கிராம். அதற்கு மேல் போக உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. ஒரே அளவில் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் பலருக்கும் காற்று தானாகக் குறையும். குறையவில்லை, வயிற்று வலியும் சேர்கிறது என்றால் விட்டுவிடுங்கள். எரிச்சல் குடல் நோய் இருப்பவர்களில் பலருக்கு இன்யூலின் சரிப்படாது.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. காபியில் கலப்பதும் இன்யூலின் நிறைந்த அதே சிக்கரி வேர்தான். ஆனால் அதைக் கறுக்க வறுத்துத்தான் கலக்கிறார்கள். அந்தச் சூட்டில் இன்யூலினில் பெரும்பகுதி உடைந்து கருகிப்போகிறது. நல்ல மணமும் கசப்பும் கிடைக்கும், குடிக்கட்டும். குடலுக்கென்று அதை நம்ப வேண்டாம்.

பழைய சோறு விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியது. வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, செரிக்காத மாவுச்சத்தாகிவிடும். அதுவும் பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனிதான். ஆனால் அளவைப் பாருங்கள். இந்தோனேசிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிதாக வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது. 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று பெருமையாகச் சொல்லலாம், ஆனால் கூடியது என்னவோ ஒரு கிராம்தான். நீரில் ஊறிப் புளித்ததால் வரும் நன்மைகள் வேறு கணக்கு. என்னைக் கேட்டால் அந்தக் கிண்ணத்தில் இன்யூலின் வகைச் சத்துக்காகப் பாராட்ட வேண்டியது, தொட்டுக்கொள்ளும் பச்சைச் சின்ன வெங்காயத்தை. (மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டாம். பழைய சோறு நல்லது என்று மட்டும் சொல்லுங்கள், அதுவும் உண்மைதான்.)

செரிக்காத மாவுச்சத்தின் வலு என்ன என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல். இன்னொன்றுக்கு அதில் அரிசி மாவு. மூன்றாவது பிரிவுக்கு, லிட்டருக்கு 50 கிராம் வீதம் எளிதில் செரிக்காத ஒரு வகைச் சோள மாவு. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. சோள மாவு சேர்த்தவர்களுக்கு 57 மணி. பாக்டீரியா அந்த மாவைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சும்போது, கூடவே உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. 2000-இல் இது ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. காலராவில் பெருங்குடலையும் வேலைக்கு இழுக்கலாம் என்று காட்டிய இந்த ஆய்வு இங்கே போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிக்காமல் போவதும் உண்டு. செரிக்காத மாவுச்சத்தை முதலில் உடைத்துக் கொடுப்பதில் ருமினோகாக்கஸ் ப்ரோமியை என்ற பாக்டீரியாவுக்குத் தனி இடம். அது இல்லாத குடலில் அந்த மாவு அப்படியே வெளியேறலாம். அதனால்தான் ஒரே டப்பாவை நம்புவதை விட, பலவகைத் தீனி போடச் சொல்கிறேன். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மார்கழி, தை வந்தால் தெருவெல்லாம் அவரைக் கொட்டை, அதற்கென்றே ஒரு மேளா. அவரை, கொள்ளு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவையும் நமக்குச் செரிக்காது, பாக்டீரியாவுக்குச் செரிக்கும். காய்ந்த பருப்பை இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். சர்க்கரையில் ஒரு பகுதி நீரோடு போய்விடும், காற்றும் குறையும். வாழைக்காய், கேழ்வரகுக் களி, பூண்டு இவற்றையும் மாற்றி மாற்றிச் சேருங்கள்.

பேரக் குழந்தைக்குப் பால் பவுடர் வேண்டாம். தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் இருக்கும் திடப்பொருளே ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைச் சங்கிலிதான். அதில் 150-க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டிருக்கிறார்கள். குழந்தையால் அதைச் செரிக்க முடியாது. அதன் குடலில் வளரும் பிஃபிடோபாக்டீரியத்துக்காகத் தாய் அனுப்பும் சாப்பாடு அது. டப்பாவில் சேர்ப்பது அதைப் பார்த்துச் செய்த ஒன்றிரண்டு வகை. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 50 வயதுக்கு மேல், முன்பு இல்லாத மலச்சிக்கல் புதிதாக ஆரம்பித்து ஆறு மாதம் நீடிக்கிறது என்றால், பவுடருக்கு முன்னால் ஒரு டாக்டர் பார்த்திருக்க வேண்டும். தைராய்டு குறைவாக இருக்கலாம். சாப்பிடும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளே காரணமாகவும் இருக்கலாம். குடலுக்குள் பார்க்கத் தேவையா என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் உங்களுக்குப் பக்கம்தானே. இந்த வாரமே போய்வாருங்கள், மாத்திரை அட்டைகளையும் இந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ, எடை குறைந்திருந்தாலோ அதை முதலில் சொல்லுங்கள்.