கடையும் கடனும்: மும்பைக் கடைகளில் ஒரு பாடம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் குடும்ப வரவு செலவு பற்றி அரை மணி நேரம் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும், முலுண்டிலிருந்து வந்திருந்த ஒரு சகோதரி எழுந்து, "அண்ணா, எங்கள் தெருவில் ஒரே இடத்தில் பத்து வருஷத்தில் நாலு கடை வந்து போய்விட்டது. எல்லாக் கடையிலும் கூட்டம் இருந்தது. கூட்டம் இருக்கும் கடையை ஏன் மூடுகிறார்கள்?" என்று கேட்டார். "வாடகை கட்டுப்படியாகியிருக்காது அம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ரயிலில் வீடு திரும்பும்போதுதான் அது அரைகுறை பதில் என்று உறைத்தது. நாற்பது வருடம் கணக்கெழுதிப் பிழைத்தவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தச் சகோதரிக்குத் தர வேண்டிய முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

கடை என்றால் பொருளும் விலையும்தான் நம் கண்ணில் படுகின்றன. ஒவ்வொரு கடைக்குள்ளும் மூன்றாவதாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது கடன். யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள், எத்தனை நாளைக்கு என்பதைப் பார்த்துவிட்டால், அந்தக் கடை ஏன் வந்தது, ஏன் போனது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

நான் வளர்ந்தது நாய்காவில், ஒரு சாலில். தந்தை பரேல் பக்கத்து ஆலை ஒன்றில் நெசவுப் பகுதியில் இருந்தார். எங்கள் தெருமுனையில் கட்ச்சிக்காரர் ஒருவரின் தானியக் கடை. பம்பாயின் மளிகை வியாபாரத்தில் கட்ச்சிக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய பங்கு என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மரப்பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் என் அம்மா மொழி கற்றுக்கொண்டார். உளுந்துக்கு உடித், வெந்தயத்துக்கு மேத்தி, பெருங்காயத்துக்கு ஹிங், இட்லிக்கு வேண்டிய புழுங்கலரிசிக்கு உக்டா சாவல். வாயில் வராத பெயருக்கு விரலால் காட்டுவார். சேட் பெயரைச் சொல்லிக்கொண்டே நிறுத்துப் போடுவார். சம்பளத்துக்குச் சம்பளம் கணக்குத் தீர்க்கும் சிவப்பு அட்டை நோட்டு ஒன்று எங்கள் வீட்டிலும், அதன் ஜோடி அவர் கல்லாவிலும் இருந்தன.

1982 ஜனவரி 18-ம் தேதி ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நினைத்தது ஒரு வருடத்தையும் தாண்டியது. பல ஆலைகள் பிறகு திறக்கவே இல்லை. நான் அப்போது கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் கற்ற பற்று வரவை வீட்டில் சிவப்பு நோட்டில் பார்த்தேன். பற்று மட்டும்தான் இருந்தது. சேட் ஏழு மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டாவது மாதம், நல்ல அரிசிக்குப் பதில் நொய் தரட்டுமா என்று அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார். அந்தப் பாக்கியை நான் வேலைக்குப் போன பிறகு இரண்டு வருடத்தில் அடைத்தோம்.

இதைச் சொல்வது உருகுவதற்காக அல்ல. அந்தக் கடனுக்கு விலை இருந்தது. அவர் துவரம்பருப்பு எங்கள் வட்டாரத்துக் கூட்டுறவுக் கடையைவிடக் கிலோவுக்குச் சில காசுகள் கூடுதல். வட்டி அதற்குள்ளேயே இருந்தது. அந்தக் கூட்டுறவுக் கடைதான் 1948-ல் நாய்காவில் தொடங்கப்பட்ட அப்னா பஜார். அங்கே விலை குறைவு, எடை சரியாக இருக்கும். ஆனால் ரொக்கம். கையில் பணம் இருந்த மாதம் அப்னா பஜார், இல்லாத மாதம் சேட். எங்கள் சாலில் எல்லா வீட்டிலும் இதே நடைமுறைதான்.

பிறகு நகரம் மாறியது. 1991-ல் அந்தேரியில் ஷாப்பர்ஸ் ஸ்டாப் வந்தது. 1999-ல் ஹாஜி அலி அருகே கிராஸ்ரோட்ஸ் திறந்தபோது, ஆரம்பத்தில் கையில் மொபைல் போனோ கிரெடிட் கார்டோ உள்ளவர்களைத்தான் சும்மா உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் 60 ரூபாய் கட்ட வேண்டும். கடைக்குள் நுழையக் கட்டணமா என்று அன்று ஊரே சிரித்தது. இப்போது யோசித்தால், 'நீ கடன் வாங்கத் தகுதியுள்ளவனா' என்றுதான் அந்த வாசற்காரர் கேட்டிருக்கிறார். அந்த வளாகம் பின்னர் சோபோ சென்ட்ரல் என்று பெயர் மாறி, களையிழந்தது. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் ஆலை இருந்த இடமும் கடை வளாகமாயிற்று. என் தந்தை வேலை பார்த்தது வேறு ஆலை. ஆனாலும் அவரை அங்கே அழைத்துப் போனபோது, புகைபோக்கியைத்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வாங்கவில்லை.

நம் கேள்விக்கு முக்கியமான மாற்றம் அடுத்து வந்தது. நாமே தள்ளுவண்டியைத் தள்ளி, நாமே எடுத்து, வரிசையில் நின்று பணம் கட்டும் பெருங்கடைகள். 2001-ல் தொடங்கிய பிக் பஜார் நம்மில் பலருக்கு இதைப் பழக்கியது. 2006 குடியரசு தினத் தள்ளுபடி விற்பனையில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் வர வேண்டியிருந்தது. நம் சென்னையில் 1997-ல் பிறந்த சுபிக்ஷாவும் மும்பைக்கு வந்தது. பெயரைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு ஒரு சந்தோஷம். நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்து, 2009-ல் எல்லாம் மூடிக் கிடந்தன.

ஏன்? இதற்கு ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் என் கற்பனை, முறை உண்மை.

ஒரு கடை தினம் 1 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறது. வாங்கிய சரக்கு 20 நாளில் விற்றுவிடுகிறது. நாம் ரொக்கமாகவோ கார்டிலோ உடனே கட்டிவிடுகிறோம். ஆனால் சரக்குக் கொடுத்த கம்பெனிக்குக் கடை 45 நாள் கழித்துப் பணம் கொடுத்தால் போதும். ஆக எந்த நாளில் பார்த்தாலும் கடை கொடுக்க வேண்டிய பாக்கி 45 லட்சம், அலமாரியில் இருக்கும் சரக்கு 20 லட்சம். மீதி 25 லட்சம் பிறருடைய பணம், கடைக்காரர் கையில், வட்டியில்லாமல். பழைய சேட் நமக்குக் கடன் கொடுத்தார். புதிய கடைக்குச் சரக்குக்காரர் கடன் கொடுக்கிறார். இதனால்தான் அங்கே விலையைக் குறைக்க முடிந்தது.

அந்த 25 லட்சத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் ஆபத்தில்லை. அதைப் போட்டு அடுத்த கடையைத் திறந்தால்? விற்பனை மந்தமாகி, 20 நாளில் போன சரக்கு 50 நாள் தங்கினால், அலமாரியில் 50 லட்சம், பாக்கி 45 லட்சம். இப்போது 5 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். இருந்த 25 லட்சமோ சிமெண்டாகவும் குளிர்சாதனமாகவும் மாறிவிட்டது. ஒரே கடையில் 30 லட்சத்துக்கு ஓட்டை. கூட்டம் அப்போதும் இருக்கும்! சரக்குக்காரர் பாக்கி வராமல் அடுத்த லாரியை அனுப்ப மாட்டார். அலமாரி காலியாகும், பிறகுதான் கூட்டம் குறையும்.

சுபிக்ஷாவின் கதையில் இந்த முறையும், வங்கிக் கடனை நம்பி வேகமாகக் கிளை விட்டதும் சேர்ந்திருந்தன. 2008 கடைசியில் உலகமெங்கும் பணப்புழக்கம் இறுகியபோது தாங்கவில்லை. ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. பிக் பஜாரை நடத்திய ஃப்யூச்சர் குழுமமும் கடன் சுமையில்தான் தடுமாறியது. 2020 ஊரடங்கு கடைசி அடியாயிற்று. 2022 பிப்ரவரியில் அதன் கடைகள் பலவற்றை ரிலையன்ஸ் எடுத்துக்கொண்டது. பல இடங்களில் ஸ்மார்ட் பஜார் என்று பலகை மாறியது. அதே ஆண்டு ஜூலையில் ஃப்யூச்சர் ரீடெயில் திவால் நடவடிக்கைக்குள் போனது.

எதிர்மாறான உதாரணமும் இதே நகரத்தில்தான். பங்குச் சந்தையில் பெயர் பெற்ற ராதாகிஷன் தமானி, முதலில் அப்னா பஜாரின் ஒரு கிளையை உரிமம் பெற்று நேருலில் நடத்திப் பார்த்து, 2002-ல் பவாயில் முதல் டி-மார்ட்டைத் திறந்தார். பெரும்பாலும் இடத்தைச் சொந்தமாகவே வாங்கினார். சரக்குக்காரருக்கு வாரக்கணக்கில் இழுத்தடிக்காமல் சீக்கிரம் பணம் கொடுத்து, அதற்குப் பதில் விலையைக் குறைத்து வாங்கினார். பகட்டு இல்லை, இடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கடைகளும் மெதுவாகத்தான் பெருகின. மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் திறந்துகொண்டிருந்த காலத்தில் இது கஞ்சத்தனமாகத் தெரிந்தது.

இப்போது தெருவுக்குள் வந்திருப்பது டார்க் ஸ்டோர். இருட்டுக்கடை என்றால் நமக்குத் திருநெல்வேலி அல்வாதான் நினைவுக்கு வரும், இது வேறு. வாடிக்கையாளர் நுழைய முடியாத கிடங்கு. இரண்டு, மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்கு மட்டும், போனில் கேட்டதைப் பையன்கள் வண்டியில் கொண்டு வருவார்கள். 2021-க்குப் பிறகு மும்பையில் பரவியது. அன்று கறிவேப்பிலைக்கும் வாழையிலைக்கும் மாட்டுங்கா போய், காப்பிக்கொட்டை வறுபடும் மணத்தோடு திரும்பிய நாம், இன்று இட்லி மாவைப் படுக்கையிலிருந்தே வரவழைக்கிறோம். சௌகரியம்தான், என் வீட்டிலும் நடக்கிறது.

இங்கே கடன் கொடுப்பவர் யார்? பெருமளவுக்கு முதலீட்டாளர். அவர் தருவது உண்மையில் கடன்கூட அல்ல, பங்கு. லாபம் வருமென்று காத்திருக்கும் பணம். அந்தப் பணம் நம் தள்ளுபடியாக வரும்வரை விலை குறைவாக இருக்கும். காத்திருப்பவர் பொறுமை இழக்கும்போது கையாளும் கட்டணம், சிறு தொகைக் கட்டணம், மழைக் கட்டணம் என்று பில்லின் அடியில் வரிகள் முளைக்கும். இந்தக் கடையை நம்மால் கண்ணால் பார்க்க முடியாது என்பதும் ஒரு சிக்கல். 2025 ஜூனில் தாராவியில் இயங்கிய அப்படிப்பட்ட கிடங்கு ஒன்றின் உணவு உரிமத்தை, சுகாதாரக் குறைகளுக்காக மகாராஷ்டிர உணவு மருந்து நிர்வாகம் நிறுத்தி வைத்தது. தெருமுனைக் கடையில் எலி ஓடினால் நாமே பார்த்திருப்போம்.

சரி, குடும்பத்துக்கு இதனால் என்ன? முதலாவது, கடைக்கு நாம் கடன் கொடுக்கக் கூடாது. பரிசுக் கூப்பன், முன்பணக் கார்டு, ஆண்டுச் சந்தா எல்லாமே நாம் கடைக்குக் கொடுக்கும் கடன். கடை விழுந்தால் பாதுகாப்பில்லாத கடன்காரர் வரிசையில் வங்கிக்குப் பின்னால் நாம் நிற்க வேண்டும். பெயர் வேண்டாம், ஒரு கடையின் 2,000 ரூபாய்க் கூப்பன் இன்னும் என் மேஜை அறையில் இருக்கிறது. தீபாவளிக்கு வைத்திருந்தேன்; கடை நவராத்திரிக்கே போய்விட்டது. கணக்கெழுதுகிறவனுக்கு இது தேவைதான்.

இரண்டாவது, அலமாரியைப் பாருங்கள். ஒரே பொருளை முன்வரிசையில் பரப்பி, பின்னால் வெற்றிடம் இருந்தால், வழக்கமான சோப்பும் எண்ணெயும் வாரக்கணக்கில் வராவிட்டால், சரக்குக்காரர் கையை இறுக்கிவிட்டார் என்று பொருள். அங்கே உங்கள் பிள்ளை வேலை பார்த்தால், சம்பளத் தேதி தள்ளிப்போகிறதா, பி.எஃப். கட்டப்படுகிறதா என்று அந்த மாதமே பார்க்கச் சொல்லுங்கள்.

விலையைப் பொறுத்தமட்டில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் வாங்க முடியாது, குறைத்து விற்கலாம். 2021-ல் வந்த திருத்தத்தின்படி பொட்டலத்தில் ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் போட வேண்டும். 'பெரிய பாக்கெட் மலிவு' என்பது எப்போதும் உண்மையில்லை. கண்ணாடியை எடுத்துச் சென்று படியுங்கள். பைக்குத் தனியாகக் காசு கேட்டால், பொருள் எடுப்பதற்கு முன்பே சொன்னீர்களா என்று கேட்கலாம். முன்கூட்டிச் சொல்லாமல் பில் போடும்போது வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

நாய்காவ் சேட் காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன. கடையை இப்போது பேரன் நடத்துகிறார். பலகை போய், இரண்டு வரிசை அலமாரி வந்திருக்கிறது. வாசலில் பணம் செலுத்தும் சதுரக் கட்டம் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் கல்லாவில் நோட்டு இருக்கிறது. 2020-ல் அந்தத் தெருவில் எத்தனை வீட்டின் கணக்கு அதில் ஏறியது என்று அவர் சொல்ல மாட்டார். போன வாரம் அங்கே போயிருந்தேன். "காகா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று விநியோகஸ்தர் கொடுத்த ஒரு தாளை நீட்டினார். அலமாரியில் நல்ல இடம் ஒதுக்கினால் 21 நாள் கடன் தருகிறார்களாம். இருவரும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பருப்பு 12 நாளில் போகிறது. ஷாம்பு 60 நாள் கிடக்கிறது. ஷாம்புவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னேன். அப்பாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.